ரெண்டு புள்ளி

தம்பி, தமிழா நீ?

அட, பயந்துட்டியா. போன்ல “சாப்ட்டேம்மா, சாப்ட்டேன், ஸ்வெட்டர் போட்டிருக்கேன்”னு சொன்னியே, அது காதுல விழுந்ததும் என்னால அங்க உக்கார முடியல, எந்திரிச்சு வந்துட்டேன். கொஞ்சம் தள்ளிக்கோ. நகரம் போய்ச் சேர இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு. மார்ச் மாசம் பனி உருகி ரோடெல்லாம் சேறு, டிரைவர் பஸ்ஸை உருட்டிக்கிட்டுத்தான் போவான்.

எந்த ஊரு? திண்டுக்கல்லா. டாக்டருக்குப் படிக்கிறியா, ரெண்டாவது வருஷமா. கூடப் படிக்கிற பையன் வீட்டுக்கு விருந்துக்கு வந்தியாக்கும். ரஷ்யாவுல, அதுவும் இந்த லுக்கோவ்ஸ்க்ல, விருந்துன்னா உருளைக்கிழங்கும் ஊறுகாய் வெள்ளரிக்காயுந்தான் வச்சிருப்பாங்க. எனக்குத் தெரியாதா.

நான் கோவில்பட்டி. என் பேரு ககாரின். சிரி, சிரி, பரவாயில்ல, எல்லாரும் சிரிப்பாங்க. நான் பொறந்தது அறுபத்தொண்ணு ஏப்ரல். அந்த வாரந்தான் அந்த மனுஷன் ஆகாசத்தைச் சுத்திட்டு எறங்குனாரு. எங்க அய்யா மில்லுத் தொழிலாளி, சங்கத்துல செயலாளர். பேப்பரைப் பாத்து எனக்குப் பேரு வச்சிட்டாரு. இங்க வந்து அந்தப் பேரைச் சொன்னா போலீஸ்காரன்கூட முகம் மலருவான்.

முன்னாடி மூணாவது சீட்ல நீலச் சால்வை போட்டு உக்காந்திருக்காங்களே, அந்தம்மா என்கூடத்தான் வாராங்க. ஜினாயிதா பெத்ரோவ்னா. நம்ம பேச்சு அவங்களுக்கு ஒண்ணும் புரியாது, நீ தாராளமாப் பேசு.

நானா? நான் கையெழுத்துப் போடப் போறேன். திங்கக்கிழமைதோறும் காலைல பதினோரு மணிக்குள்ள விசாரணை அதிகாரி ஆபீஸ்ல நோட்டுல கையெழுத்துப் போடணும். நாலாவது வருஷம் இது. பதினொண்ணு தாண்டுச்சுன்னா தேடப்படுற ஆளுன்னு எழுதிருவான். மாவட்டத்தைத் தாண்ட முடியாது, நாட்டைத் தாண்டறது இருக்கட்டும். பாஸ்போர்ட்டு அவங்க பெட்டியில கிடக்கு. நான் கொலை பண்ணல தம்பி. நான் ஒரு மில்லுக்கு டைரக்டர். அவ்வளவுதான் என் குத்தம்.

எண்பதுல இங்க வந்தேன், நெசவு இன்ஜினீயரிங் படிக்க. கட்சி மூலமா உதவித்தொகை. படிச்சு முடிச்சு லுக்கோவ்ஸ்க் மில்லுல வேலைக்குச் சேந்தேன். மில்லு பேரு ‘சிவப்பு விடியல்’. மூவாயிரம் பேரு வேலை, அதுல ரெண்டாயிரத்து எண்ணூறு பேரு பொம்பளைங்க. தறி ஓடற சத்தம் ஆத்துக்கு அந்தப் பக்கம் கேக்கும். ஜினாயிதா பெத்ரோவ்னா அங்க ஷிப்ட்டு மேஸ்திரி. அவங்க ஒரு வார்த்தை சொன்னா நானூறு தறிக்காரிங்க மறுபேச்சு பேச மாட்டாங்க. வேலைக்குச் சேந்த முதல் குளிர்ல எனக்கு நிமோனியா வந்து ஆஸ்பத்திரில கிடந்தேன். ஷிப்ட்டு முடிஞ்சு தெனமும் சூப்பு எடுத்துட்டு வந்து ஊட்டுனாங்க. அவங்களுக்குப் புருஷன் இல்ல, புள்ள இல்ல. எனக்கும் இங்க யாரும் இல்ல. அப்படி ஒரு ஒட்டு.

அப்புறம் சோவியத் உடைஞ்சுது. நீ அப்போ ஒண்ணாப்பு படிச்சிருப்ப. ஒரு நாள் வந்து, இனிமே மில்லு அரசாங்கத்தோடது இல்ல, தொழிலாளிங்களோடதுன்னாங்க. ஆளாளுக்குப் பங்குப் பத்திரம் குடுத்தாங்க. நான் இதை அய்யாவுக்கு எழுதுனேன். அவரு போன் பண்ணிட்டாரு, பக்கத்துக் கடை போன்ல இருந்து. “ஏலேய், மில்லு தொழிலாளிக்கே வந்திருச்சாமே! நாங்க முப்பது வருஷம் கொடி பிடிச்சு ஒரு கேன்டீன்தான் வாங்குனோம்”னு சொல்லி அழுதாரு. ஆமா அய்யா, ஆமா அய்யான்னேன். 

எங்க பழைய டைரக்டர் ஆர்க்காதி செமியோனவிச். அவரு பத்தி ஒரு வார்த்தை. தங்கமான மனுஷன். என் பொண்ணு பொறந்தப்போ அவரு கார்லதான் என் வீட்டுக்காரியை, அவ வேற ஊரு ரஷ்யக்காரி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். ஊர்ல இன்னிக்கு அவரை என்னென்னமோ சொல்லுவாங்க, அதெல்லாம் நான் காதுல வாங்கறதில்ல. அவரு மாப்பிள்ளை ஒரு வியாபாரக் கம்பெனி ஆரம்பிச்சாரு. மில்லு நெய்யற துணியெல்லாம் அந்தக் கம்பெனிக்குத்தான் போகும், அடிமாட்டு விலைக்கு. அங்க இருந்து மாஸ்கோவுக்கு நல்ல விலைக்குப் போகும். மில்லு கணக்குல ஒண்ணும் நிக்காது. பங்குக்காரங்களுக்கு லாபத்துல என்ன வரும்? லாபம் இருந்தாத்தானே வரும்.

நான் அப்போ தரம் பாக்கற பிரிவுக்குத் தலைவர். ஆர்க்காதி செமியோனவிச் கூப்பிட்டு, “ககாரின், இனிமே எல்லாத்துக்கும் ரெண்டாந்தர முத்திரை போடு”ன்னாரு. முதல்தரத் துணியை ரெண்டாந்தரம்னு போட்டாத்தானே அந்த விலைக்கு விக்க முடியும். போட்டேன். துணி கெட்டுப் போகலையே, முத்திரைதானே. துணி என்னமோ முதல்தரமாத்தான் இருந்துச்சு. அதுல எனக்கு மனசாட்சி உறுத்தல் கிடையாது.

சம்பளம் நின்னுபோச்சு. சம்பளத்துக்குப் பதிலா படுக்கை விரிப்பா குடுத்தாங்க. மாஸ்கோ போற ரயிலு எங்க ஊர்ல நாலு நிமிஷம் நிக்கும். அந்த நாலு நிமிஷம் பிளாட்பாரம் பூரா தறிக்காரிங்க, ரெண்டு கையிலயும் விரிப்பைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஜன்னல் ஜன்னலா ஓடுவாங்க. ஜினாயிதா பெத்ரோவ்னாவும் ஓடுவாங்க. நான் அந்தப் பக்கம் போறதையே விட்டுட்டேன். பாக்க சகிக்காது. எனக்கு இளகுன மனசு.

அப்புறம் தொண்ணூத்தேழு. அதுதான் முக்கியம், கேளு.

அந்த வருஷம் பங்குக்காரங்க பொதுக்கூட்டத்துல ஒரு தீர்மானம் வந்துச்சு. புதுசாப் பங்கு வெளியிடறது, அதை மொத்தமா அந்த வியாபாரக் கம்பெனிக்கே குடுக்கறது. நிறைவேறுனா தறிக்காரிங்க கையில இருக்கற பங்கெல்லாம் உப்புக் கரைஞ்ச மாதிரி கரைஞ்சிரும். இது ஜினாயிதா பெத்ரோவ்னாவுக்குப் புரிஞ்சுபோச்சு. அவங்க எட்டாவதுதான் படிச்சாங்க, ஆனா புரிஞ்சுபோச்சு. வீடு வீடாப் போனாங்க. நாலு மாடி, அஞ்சு மாடி, லிப்ட் கிடையாது. “நீங்க கூட்டத்துக்கு வர முடியலைன்னா எனக்கு எழுதிக் குடுங்க, உங்களுக்குப் பதிலா நான் வேண்டாம்னு கை தூக்கறேன்”னாங்க. நானூத்திப் பன்னெண்டு பேரு எழுதிக் குடுத்தாங்க. அந்த நானூத்திப் பன்னெண்டும் செல்லுபடியாச்சுன்னா தீர்மானம் விழுந்திரும்.

கூட்டம் மில்லு அரங்குல நடக்கல. நாப்பது கிலோமீட்டர் தள்ளி, காட்டுக்குள்ள வேட்டை பங்களா ஒண்ணு, அங்க வச்சாங்க. ஜனவரி மாசம், காலைல எட்டு மணிக்கு. யாரு வருவான்னு நெனைச்சாரு ஆர்க்காதி செமியோனவிச். அவங்க வந்தாங்க. உருளைக்கிழங்கு லாரியில, பின்னாடி நின்னுக்கிட்டு, முப்பது பேரு. சால்வையெல்லாம் பனி.

வாசல்ல பேரைப் பதியற மேசையில நான் உக்காந்திருந்தேன். ஏன் நான்னு கேக்கறியா? என்னைத்தான் அவங்க எல்லாரும் நம்புனாங்க. ஜினாயிதா பெத்ரோவ்னாவே சொல்லுவாங்க: “நீ வெளியூர்க்காரன். உனக்கு இங்க மாமன் மச்சான் கிடையாது. யாருக்காகத் திருடப் போற நீ?”

முதல் நாளே ஆர்க்காதி செமியோனவிச் என்கிட்ட அந்தக் கடிதங்களோட நகலையும் அவங்க பாஸ்போர்ட் நகலையும் குடுத்து, “ஒவ்வொரு எழுத்தாப் பாரு. தப்பு இருந்தா தப்புன்னு சொல்லு. நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லல”ன்னாரு. வக்கீல் ரெண்டு பேரு பாத்தும் ஒண்ணும் கிடைக்கல. நான்தான் கண்டுபிடிச்சேன்.

ரஷ்யன்ல ‘யே’ன்னு ஒரு எழுத்து இருக்குல்ல, அதுக்கு மேல ரெண்டு புள்ளி வச்சா ‘யோ’. யாரும் அந்தப் புள்ளியை வைக்கறது கிடையாது, வைக்காமலே ‘யோ’ன்னு வாசிச்சிருவாங்க. நம்ம ஊர்ல பழைய ஓலையில மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டாங்கல்ல, அது மாதிரி. அவங்க குடும்பப் பேரு சலவ்யோவா. பாஸ்போர்ட்ல, இங்க உள்ளூர் அடையாள அட்டையும் அதுதான், ரெண்டு புள்ளி இருக்கு. கடிதத்துல இல்ல. ஒருத்தர் டைப் அடிச்சதை நானூத்திப் பன்னெண்டு பேருக்கும் நகலெடுத்துட்டாங்க. அப்போ பாஸ்போர்ட்ல இருக்கறது சலவ்யோவா, கடிதத்துல இருக்கறது சலவ்யேவா. வேற ஆளு. ரஷ்யக்காரன் எவன் கண்ணுக்கும் படல. தமிழ் படிச்சவன் கண்ணுக்குப் புள்ளி தப்புமா?

அவங்க கையுறையைக் கழட்டி, அந்தக் கடிதக் கட்டை என் மேசைமேல வச்சாங்க. நான் சொன்னேன், ஜினாயிதா பெத்ரோவ்னா, இது செல்லாதுன்னு. காட்டுனேன். அவங்க குனிஞ்சு பாத்தாங்க. கூட வந்தவங்க கத்துனாங்க, ஒருத்தி என் மேசையைத் தட்டுனா. அவங்க மட்டும் கத்தல. “நீயா சொல்ற, ககாரின்?”னு கேட்டாங்க. நான்தான் சொல்றேன், சட்டம்னேன். கட்டைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க.

இதுல என் தப்பு என்ன சொல்லு. புள்ளி இல்லைங்கறது உண்மையா இல்லையா?

அதுல பாரு, அதே வாரம் அவங்க பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போயி எல்லாக் காகிதத்துலயும் புள்ளியைச் சரி பண்ணிட்டு வந்து என்கிட்டக் காட்டுனாங்க. “உன்னைச் சங்கடத்துல மாட்டி விட்டுட்டேன், மன்னிச்சிரு”ன்னாங்க. என்கிட்ட மன்னிப்பு! அவ்வளவு நல்லவங்க.

தீர்மானம் நிறைவேறிருச்சு. ஆறு மாசம் கழிச்சு ஆர்க்காதி செமியோனவிச் என்னைக் கூப்பிட்டு, “எனக்கு வயசாச்சு, இனி நீதான் ஜெனரல் டைரக்டர்”னாரு. நான், ககாரின், கோவில்பட்டிக்காரன்! அய்யாவுக்கு போன் பண்ணேன். அவரு ரெண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னாரு. அப்புறம், “தொழிலாளிங்க உன்னைத் தேர்ந்தெடுத்தாங்களா?”ன்னாரு. ஆமா அய்யான்னேன். சுருக்கமாச் சொன்னா அப்படித்தானே.

டைரக்டர்னா பெரிய ரூம்பு, பெரிய மேசை, மேசைமேல காகிதம். காலைல கட்டா வரும், சாயங்காலம் கையெழுத்தோட போகும். யாரு எழுதுனா, எதுக்கு எழுதுனா, நான் கேக்கல. ஆர்க்காதி செமியோனவிச்தான் எழுதிக் குடுப்பாரு, அவரு பேரு எதுலயும் இருக்காது. மில்லு நிலம் வேற கம்பெனிக்குப் போச்சு. கொதிகலன் கூடம் இன்னொரு கம்பெனிக்குப் போச்சு. அந்தக் கம்பெனிங்க எல்லாம் கடலுக்கு நடுவுல ஏதோ தீவுல இருக்கு. வரி கட்டல. எல்லாத்துலயும் என் கையெழுத்து. தமிழ்லதான் போடுவேன், அழகா இருக்கும்.

ரெண்டாயிரத்துல வந்தாங்க. வரிக்காரங்க, போலீசு, முகமூடி போட்டவங்க எல்லாம். என்னைத் தரையில படுக்க வச்சாங்க. ஆர்க்காதி செமியோனவிச் அதுக்கு ஒரு வாரம் முந்தி உடம்பு சரியில்லைன்னு வெயில் நாட்டுக்குப் போயிருந்தாரு. இன்னும் வரல. நம்பரும் மாறிப்போச்சு. வந்தா எனக்காகப் பேசுவாரு, அது எனக்குத் தெரியும்.

மறு வருஷம் அய்யா போயிட்டாரு. நான் அதிகாரிகிட்டப் போயி, நான் ஒரே பையன், கொள்ளி வைக்கணும், பத்து நாள் விடுங்கன்னு கேட்டேன். அவன் ஜன்னலைப் பாத்துக்கிட்டே, “திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போடு”ன்னான். சித்தப்பா மகன் வச்சான். சங்கத்துக்காரங்க கொடி போத்துனாங்களாம். “மகன் ரஷ்யாவுல மில்லுக்கு டைரக்டர்”னு மைக்குல சொன்னாங்களாம்.

வீட்டுக்காரி பொண்ணைக் கூட்டிட்டு அக்கா வீட்டுக்குப் போயிட்டா. பத்திரிகையில என் படம் வந்ததும் பள்ளிக்கூடத்துல புள்ளையைப் பேசறாங்களாம். சரி போன்னுட்டேன். இந்த நாலு வருஷமும் என் கதவைத் தட்டுனது ஒரே ஆளு. அதோ அந்த நீலச் சால்வைதான். வாரத்துக்கு ஒருக்கா ஒரு பை உருளைக்கிழங்கு. “சாப்பிடு, எலும்பாப் போயிட்ட.” ஊரே காறித் துப்புது, அவங்க வாராங்க.

இன்னிக்கு எதுக்கு வாராங்கன்னா, அதை எப்படிச் சொல்ல. நான் டைரக்டரா இருந்தப்போ அவங்களைத் தணிக்கைக் குழுத் தலைவரா போட்டேன். கம்பெனின்னா பங்குக்காரங்க சார்புல கணக்கைச் சரிபாக்க அப்படி ஒரு குழு இருக்கணும், சட்டம். அவங்களுக்குப் பெருமைன்னா பெருமை. வருஷத்துக்கு ஒருக்கா காகிதத்தை நீட்டுவேன். “எல்லாம் சரியா இருக்கா, ககாரின்?”னு கேப்பாங்க. சரியா இருக்குன்னுவேன். போட்டுருவாங்க. மூணு வருஷக் கையெழுத்து இருக்கு.

போன வாரம் அதிகாரி என்னை உக்காரச் சொன்னான். நாலு வருஷத்துல முதல் தடவை நாற்காலி காட்டுறான். “கணக்கு சரின்னு சொன்னது தணிக்கைக் குழு. அதை நம்பித்தான் நீங்க கையெழுத்துப் போட்டீங்க. அந்தம்மா அதை ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தா உங்க மேல கேஸ் நிக்காது”ன்னான். காகிதத்தையும் அவனே டைப் அடிச்சுக் குடுத்தான். என் பையில இருக்கு. அவங்க ஒரு கையெழுத்துப் போட்டா பாஸ்போர்ட் என் கைக்கு வந்திரும் தம்பி. எங்கம்மா இன்னும் இருக்காங்க. கண்ணு தெரியல. குரலை வச்சுத்தான் கண்டுபிடிப்பாங்களாம்.

அவங்ககிட்டச் சொன்னேன், எனக்காகச் சாட்சி சொல்லணும்னு. “நீ நல்லவன்னு சொல்லணும், அவ்வளவுதானே? சொல்றேன்”னாங்க. காலைல தலை சீவி, அந்தச் சால்வையைப் போட்டுக்கிட்டு எனக்கு முந்தி பஸ் ஸ்டாப்புல நிக்கறாங்க. அவங்களுக்கு அறுபத்தெட்டு வயசு, சர்க்கரை வேற. அந்த வயசுல யாரு உள்ள போடப் போறா? ஏதோ நோட்டீசு வரும், வீட்டை ஜப்தி பண்ணலாமான்னு பாப்பாங்க, விட்டுருவாங்க. வீடுன்னா என்ன, ஒரே ரூம்புதான். எனக்கு நாப்பத்திரண்டுதான் ஆகுது. நீயே சொல்லு, யாரு மாட்டிக்கிட்டா ஞாயம்?

என்ன தம்பி, பையை எடுத்துத் தோள்ல மாட்டுற.

எங்க எந்திரிக்கிற? உன் ஸ்டாப்பு இன்னும் வரலையே. தம்பி, உக்காரு. அங்க எதுக்குப் போற? தம்பி!

...என்ன சொன்ன அவங்ககிட்ட? எனக்குக் கேட்டுச்சு. “கையெழுத்து வேண்டாம், கெட்ட காகிதம்.” ரெண்டு வருஷம் படிச்சும் இந்த ரஷ்யன்தான் வருதா உனக்கு? அதைக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியல. உனக்கு என்ன தெரியும்? நம்ம ஊர்க்காரன்னு மனசு விட்டுச் சொன்னா இப்படியா செய்வ?

இரு, அவங்க வாராங்க. பேசாத.

கேட்டியா, எவ்வளவு அமைதியாக் கேட்டாங்க. “அந்தக் காகிதத்தை எடு ககாரின், பாப்போம்”னு. நான் என்னத்தச் செய்ய, கேட்டாங்க, குடுத்துட்டேன். உக்காரச் சொன்னா உக்கார மாட்டேங்கறாங்க. பாரு, ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வாசிக்கறாங்க. உதடு அசையுது. ஒரு வரியையும் விடல. இப்போ ரெண்டாம் பக்கம்.

திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருக்கலாம், நான் வாங்கிக்கிட்டிருப்பேன். காகிதத்தை நாலா மடிச்சு என் கையிலயே குடுத்துட்டு, “நான் இங்க எறங்கிக்கறேன், நீ போ, பதினொண்ணு ஆயிரும்”னாங்க. நீயும் பாத்துக்கிட்டுத்தானே இருந்த.

டிரைவர் நிறுத்திட்டான். என்னால எப்படி எறங்க முடியும்? அடுத்த பஸ்ஸு ஒரு மணிக்கு. பாரு, படியில எப்படி எறங்கறாங்கன்னு. சேத்துல காலை வைக்கறாங்க. ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போறாங்க, லுக்கோவ்ஸ்க் போற பஸ்ஸுக்கு நிக்கப் போறாங்க. திரும்பிப் பாப்பாங்க, இரு. இப்போ பாப்பாங்க.

பாக்கல.

இதுக்குத்தான் தம்பி உன்னைக் கேக்கறேன். வயசான மனுஷி, சர்க்கரை வியாதி, இந்தச் சேத்துல நடு ரோட்டுல நிக்க வச்சிட்டியே, உனக்கு நல்லாருக்கா? நான் கூட இருந்திருந்தா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேன்.

சரி, ஆனது ஆச்சு. ஒண்ணு சொல்றேன் கேளு. எனக்கு இப்போ ஒரு யோசனை தோணுது. விசாரணைக்கு வந்தவங்க பாதி வழியில எறங்கிப் போயிட்டாங்கன்னா தப்பு அவங்க மேலதான்னு ஒரு அர்த்தம் உண்டு, அதிகாரி அதை எழுதிக்குவான். ஆனா நான் சொன்னா நம்ப மாட்டான். பாத்த ஆளு ஒருத்தர் சொல்லணும். நீ பாத்தேல்ல. எங்கூட அஞ்சு நிமிஷம் வந்தாப் போதும். நீ ஒண்ணும் பேச வேண்டாம், கையெழுத்து மட்டும்...

எங்க போற? முன்னாடியா? அது அவங்க உக்காந்திருந்த சீட்டு.

போ. போய் உக்காரு. உனக்குத் தோணுனா சொல்லு, நான் திங்கக்கிழமை திங்கக்கிழமை இதே பஸ்ஸுதான்.